டிராயிங் வந்த நாளில் தொடங்கும் வேலை: பாதுகாப்புத் தளவாட ஏற்றுமதிக் கட்டுப்பாடு, புதியவர்களுக்கான வழிகாட்டி

கோவையிலோ ஓசூரிலோ சேலத்திலோ உள்ள ஒரு உதிரிபாகத் தொழிற்சாலையில் நீங்கள் அண்மையில் சேர்ந்திருக்கலாம். நேற்றுவரை பம்பு உறைகளையும் நூற்பாலை இயந்திர உறுப்புகளையும் வார்த்துக் கடைந்துகொண்டிருந்த நிறுவனத்துக்கு, இன்று வெளிநாட்டுப் பீரங்கி உற்பத்தியாளரிடமிருந்தோ விமான நிறுவனத்திடமிருந்தோ விலை விசாரணை வந்திருக்கும். "ஏற்றுமதி அனுமதி வேலையை நீ பார்த்துக்கொள்" என்று சொல்லி ஒரு கோப்பை உங்கள் மேசையில் வைத்துவிட்டுப் போயிருப்பார்கள். இந்தக் கட்டுரை அந்த மேசையில் உட்கார்ந்திருப்பவருக்கானது.

இந்தியாவின் பாதுகாப்பு ஏற்றுமதி 2013-14 நிதியாண்டில் 686 கோடி ரூபாயாக இருந்தது. 2024-25இல் அது 23,622 கோடியை எட்டியது. அதில் 15,233 கோடி ரூபாய் தனியார் துறையின் பங்கு. 2018 பட்ஜெட்டில் அறிவிக்கப்பட்டு, 2019 ஜனவரி 20 அன்று திருச்சியில் தொடங்கிவைக்கப்பட்ட தமிழ்நாடு பாதுகாப்புத் தொழில் வழித்தடம் சென்னை, கோவை, ஓசூர், சேலம், திருச்சி ஆகிய ஐந்து ஊர்களை இணைக்கிறது. ஆர்டர்கள் இந்த ஊர்களின் சிறு பட்டறைகள்வரை வந்துவிட்டன. ஆனால் அந்த ஆர்டர்களோடு சேர்ந்து வரும் சட்டப் பொறுப்பைப் பற்றிய அறிவு அதே வேகத்தில் வந்து சேரவில்லை என்பதுதான் என் கவலை.

பெரும்பாலான தவறுகள் கெட்ட எண்ணத்தால் நேர்வதில்லை. "இந்தப் பொருளுக்கு அனுமதி வேண்டுமா?" என்ற கேள்வியை மரப்பெட்டியில் ஆணி அடிக்கும்போது கேட்பதால் நேர்கின்றன. அந்தக் கேள்வியை வாடிக்கையாளரின் டிராயிங் உங்கள் மின்னஞ்சலுக்கு வந்த நாளிலேயே கேட்க வேண்டும். கீழே சொல்லும் படிகள் அனைத்தும் அந்த வரிசையில்தான் அமைகின்றன.

முதல் படி: எந்தச் சட்டம், எந்த அலுவலகம்

இந்தியாவில் கட்டுப்படுத்தப்பட்ட பொருள்களின் பட்டியலுக்கு ஸ்கோமெட் என்று பெயர். சிறப்பு வேதிப்பொருள்கள், உயிரிகள், மூலப்பொருள்கள், கருவிகள், தொழில்நுட்பங்கள் என்பவற்றின் ஆங்கில முதலெழுத்துகளைச் சேர்த்து உருவான பெயர் அது. வெளிநாட்டு வர்த்தகத் தலைமை இயக்குநரகம், அதாவது நாம் வழக்கமாக டி.ஜி.எஃப்.டி. என்று சொல்லும் அலுவலகம், இப்பட்டியலை வெளியிடுகிறது. 1992ஆம் ஆண்டின் வெளிநாட்டு வர்த்தகச் சட்டத்தில் 2010இல் இதற்கென்றே தனி அத்தியாயம் சேர்க்கப்பட்டது. பேரழிவு ஆயுதங்கள் தொடர்பான 2005ஆம் ஆண்டுச் சட்டமும், 1962ஆம் ஆண்டின் சுங்கச் சட்டமும் இதனோடு சேர்ந்து இயங்குகின்றன.

பட்டியலில் 0 முதல் 8 வரை வகைகள் உள்ளன. 7ஆம் வகை காலியாக வைக்கப்பட்டுள்ளது. புதியவர் முதலில் மனத்தில் நிறுத்திக்கொள்ள வேண்டியது, எந்த வகைக்கு எந்த அலுவலகம் அனுமதி தருகிறது என்பதே. அணுசக்தி சார்ந்த 0ஆம் வகைக்கு அணுசக்தித் துறையும், படைக்கலப் பட்டியலான 6ஆம் வகைக்குப் பாதுகாப்பு அமைச்சகத்தின் கீழுள்ள பாதுகாப்பு உற்பத்தித் துறையும் அனுமதி வழங்குகின்றன. குடிமைப் பயன்பாடும் படைப் பயன்பாடும் ஒருங்கே உடைய பொருள்கள் அடங்கிய 8ஆம் வகை, விண்வெளி மற்றும் ஆளில்லா விமானங்கள் தொடர்பான 5ஆம் வகை போன்றவற்றுக்கு டி.ஜி.எஃப்.டி.யை அணுக வேண்டும். தவறான கதவைத் தட்டினால் விண்ணப்பம் திரும்பி வரும். அதற்குள் வாடிக்கையாளர் குறித்த தேதி கடந்திருக்கும்.

இரண்டாம் படி: பொருளை வகைப்படுத்துவது

வேலையின் உயிர்நாடி இதுதான். ஆகவே இதில் சற்று நிதானமாக நிற்க விரும்புகிறேன்.

6ஆம் வகையில் 6ஏ001 முதல் 6ஏ022 வரை இருபத்திரண்டு பிரிவுகள் இருக்கின்றன. படைக்கலங்களின் ஏற்றுமதியைக் கட்டுப்படுத்தப் பல நாடுகள் சேர்ந்து நடத்தும் வாசனார் உடன்பாட்டில் இந்தியா 2017 டிசம்பரில் சேர்ந்தது. அந்த உடன்பாட்டின் படைக்கலப் பட்டியலின் வரிசையே நம் 6ஆம் வகையிலும் உள்ளது. ஐரோப்பிய வாடிக்கையாளர் தன் கடிதத்தில் "இது எம்.எல்.10", அதாவது அந்தப் படைக்கலப் பட்டியலின் 10ஆம் பிரிவு, என்று எழுதியிருந்தால், நீங்கள் திறக்க வேண்டிய பக்கம் படை விமானங்களைப் பற்றிய 6ஏ010. எம்.எல்.6 என்றால் படை வாகனங்களுக்கான 6ஏ006. ஆனால் வாடிக்கையாளர் எழுதிய எண்ணை அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். அது ஒரு துப்பு மட்டுமே. இந்தியச் சட்டத்தின் முன் வகைப்பாட்டுக்குப் பொறுப்பு ஏற்றுமதியாளராகிய நீங்கள்தான்.

கோவையின் வார்ப்படத் தொழிற்சாலைகளும் பட்டறை உலைகளில் உருக்கை அடித்து வடிவமைப்பவர்களும் மனப்பாடமாக அறிந்திருக்க வேண்டிய பிரிவு 6ஏ016. குறிப்பிட்ட படைக்கலங்களுக்கென்றே சிறப்பாக வடிவமைக்கப்பட்ட வார்ப்படங்கள், அடிப்பு உருக்குப் பொருள்கள், முற்றுப்பெறாத பிற உறுப்புகள் இதில் வருகின்றன. "இது வெறும் வார்ப்படம்தான், கடைசல் வேலையெல்லாம் அவர்கள் ஊரில்தான் நடக்கும், ஆகவே இது ஆயுத உறுப்பு ஆகாது" என்ற வாதத்தை நான் எத்தனையோ முறை கேட்டிருக்கிறேன். அந்த வாதம் செல்லாது. மூலப்பொருளின் கலவையாலோ, வடிவத்தாலோ, செயலாலோ இன்னதற்குரியது என்று அடையாளம் காணத்தக்க நிலைக்கு ஒரு பொருள் வந்துவிட்டால், அது முற்றுப்பெறாவிட்டாலும் கட்டுப்பாட்டுக்குள் வந்துவிடுகிறது.

நான் முன்பு வேலை பார்த்த ஒரு வார்ப்படத் தொழிற்சாலையில் இதைக் கண்கூடாகக் கண்டேன். ஐந்தே ஐந்து மாதிரி வார்ப்படங்கள், ஒவ்வொன்றும் கைக்கு அடக்கமானவை. இன்வாய்ஸில் "எஃகு வார்ப்படம், மாதிரி, வணிக மதிப்பற்றது" என்று எழுதி, இரும்பு எஃகு வார்ப்புகளுக்கான 7325 என்ற சுங்கத் தலைப்பில் வானூர்திச் சரக்காக அனுப்பினோம். பெட்டிக்குள் அளவுச் சோதனை அறிக்கையுடன் டிராயிங்கின் நகலையும் வைத்திருந்தோம். சுங்க அதிகாரி அந்த நகலின் வலது கீழ் மூலையில் இருந்த தலைப்புக் கட்டத்தைப் படித்தார். அங்கே, துப்பாக்கித் தாங்கிக்கான பிடிப்பு என்ற பொருளில் மூன்று ஆங்கிலச் சொற்கள் இருந்தன. சரக்கு நின்றது. ஏழு வாரம் விளக்கக் கடிதங்கள் எழுதினோம். எங்கள் அலுவலகத்தில் அந்த டிராயிங்கைக் குறைந்தது ஆறு பேர் பார்த்திருந்தோம். எல்லோரும் அளவுகளைப் பார்த்தோம், தலைப்பைப் பார்க்கவில்லை.

அதிலிருந்து நான் கற்றவை இரண்டு. ஒன்று, சுங்கத் தலைப்பு எண் வேறு, ஸ்கோமெட் எண் வேறு. முன்னது பொருள் எதனால் ஆனது, என்ன உருவில் உள்ளது என்று கேட்கிறது, பின்னது எதற்காக வடிவமைக்கப்பட்டது, என்ன திறன் உடையது என்று கேட்கிறது. 7325, 7326 போன்ற பொதுத் தலைப்புகளின் கீழ் போகும் பொருளும் படைக்கல உறுப்பாக இருக்கலாம். இரண்டு, மாதிரிக்கும், இலவசமாக அனுப்புவதற்கும், பழுதுபார்த்துத் திருப்பி அனுப்புவதற்கும் விலக்கு தானாகக் கிடைப்பதில்லை.

மறுபக்கமும் உண்டு. படை வாகனத்தில் மாட்டப்படும் ஒவ்வொரு மரையாணியும் படைக்கலம் ஆகிவிடாது. கடையில் எவரும் வாங்கக்கூடிய தர நிர்ணய அளவு எட்டு மில்லிமீட்டர் மரையாணி, டாங்கியில் மாட்டினாலும் மரையாணிதான். "சிறப்பாக வடிவமைக்கப்பட்ட" என்ற சொற்றொடரே இங்கு எல்லைக்கோடு. அந்த உறுப்பு அந்தப் படைக்கலத்துக்கென்றே பிறந்ததா, அந்தத் திறனுக்கு அது காரணமாக இருக்கிறதா, வேறு குடிமைப் பொருளில் அதே உறுப்பு மாற்றமின்றிப் பயன்படுகிறதா என்று உங்கள் வடிவமைப்புப் பொறியாளரோடு உட்கார்ந்து பேசுங்கள். கணக்குப் பிரிவு தனியாக எடுக்கக்கூடிய முடிவு அல்ல இது.

முடிவை ஒரு பக்கக் குறிப்பாக எழுதி வையுங்கள். பொருளின் பெயர், டிராயிங் எண், அதன் திருத்த எண், பார்த்த பிரிவுகள், ஏற்றது அல்லது தள்ளியது ஏன் என்ற காரணம், தேதி, பொறியாளரின் கையொப்பம் ஆகியவை அதில் இருக்க வேண்டும். "கட்டுப்பாட்டில் இல்லை" என்று முடிவு செய்த பொருளுக்குத்தான் இந்தக் குறிப்பு மிகவும் தேவைப்படும், ஏனென்றால் அங்கே காட்டுவதற்கு வேறு தாள் எதுவும் இருக்காது. டிராயிங்கின் திருத்த எண் மாறினால் குறிப்பையும் மறுபடி எழுதுங்கள். ஸ்கோமெட் பட்டியலும் அவ்வப்போது திருத்தப்படுவதால், புதிய அறிவிக்கை வரும்போதெல்லாம் பழைய குறிப்புகளை எடுத்து ஒப்பிட வேண்டும்.

6ஆம் வகையில் இல்லை என்றவுடன் கோப்பை மூடிவிடக் கூடாது. ஐந்தச்சுக் கணினிக் கட்டுப்பாட்டு இயந்திரம், வெப்பப் படக் கருவி, கார்பன் இழை, மறைகுறியாக்க மென்பொருள் போன்றவற்றில் குறிப்பிட்ட திறன் வரம்பைத் தாண்டுபவை 8ஆம் வகையில் வரக்கூடும். வாடிக்கையாளருக்கென்று செய்து அனுப்பும் உற்பத்திச் சாதனங்களுக்கும் 6ஏ018 என்ற தனிப் பிரிவு இருப்பதால், பொருளை மட்டுமல்லாமல் அதோடு போகும் பிடிப்புச் சாதனங்களையும் அளவைகளையும் குறித்து அதே கேள்வியைக் கேளுங்கள்.

மூன்றாம் படி: வாங்குபவர் யார், பயன்படுத்துபவர் யார்

இவர்கள் இருவரும் ஒருவராக இருக்க வேண்டியதில்லை. ஆர்டர் கொடுப்பவர் ஒரு வர்த்தக நிறுவனமாகவும், பெட்டியைப் பெறுபவர் ஒரு கிடங்காகவும், பொருத்துபவர் ஓர் உற்பத்தியாளராகவும், கடைசியில் பயன்படுத்துபவர் ஒரு நாட்டின் படையாகவும் இருக்கலாம். இந்தச் சங்கிலியின் ஒவ்வொரு கண்ணியின் பெயரும் முகவரியும் உங்களிடம் இருக்க வேண்டும். ஐக்கிய நாடுகள் பாதுகாப்பு அவையின் தடைப் பட்டியலோடு அவற்றை ஒப்பிட்டு, ஒப்பிட்ட தேதியோடு அச்செடுத்துக் கோப்பில் வையுங்கள்.

சில அறிகுறிகளைக் கண்டால் விற்பனைப் பிரிவு எவ்வளவு அவசரப்படுத்தினாலும் நின்று விசாரியுங்கள். பயன்பாடு என்ன என்று கேட்டால் மழுப்புபவர், பொருளின் தொழில்நுட்பம் தெரியாமலேயே சொன்ன விலையைப் பேரம் பேசாமல் ஒப்புக்கொள்பவர், சேருமிடமாகச் சரக்கு அனுப்பும் முகவரின் முகவரியைத் தருபவர், கடைசி நேரத்தில் துறைமுகத்தை மாற்றச் சொல்பவர் ஆகியோரை நான் சொல்கிறேன். பட்டியலில் இல்லாத பொருளேயானாலும், அது பேரழிவு ஆயுதத்துக்குப் பயன்படக்கூடும் என்று உங்களுக்குத் தெரிந்திருந்தாலோ அரசு தெரிவித்தாலோ அனுமதி கட்டாயம் ஆகிறது. ஆகவே "பட்டியலில் இல்லையே" என்பது எப்போதும் விடையாகாது.

நான்காம் படி: இறுதிப் பயன்பாட்டுச் சான்று

பொருளை எதற்குப் பயன்படுத்துவோம், வேறு எதற்கும் திருப்பமாட்டோம், ஒப்புதலின்றி மூன்றாம் நாட்டுக்கு அனுப்பமாட்டோம் என்று வெளிநாட்டுத் தரப்பு கையொப்பமிட்டுத் தரும் உறுதிமொழி இது. தாமதத்துக்கு முதற்காரணமாக நான் கண்டது இந்த ஒரே தாள். சான்றில் உள்ள ஆர்டர் எண் ஒன்று, ஆர்டரில் உள்ள எண் ஒன்று. சான்றில் 200 என்று இருக்கும், ஆர்டரில் 220 என்று இருக்கும். கையொப்பம் இருக்கும், கையொப்பமிட்டவரின் பெயரும் பதவியும் இருக்காது. அலுவலகம் கேட்கும் படிவத்தில் நீங்களே விவரங்களை நிரப்பி, கையொப்பத்துக்கு மட்டும் இடம்விட்டு வாடிக்கையாளருக்கு அனுப்புங்கள். வந்ததும் ஆர்டரையும் சான்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, விரலால் தொட்டுத் தொட்டு வரிவரியாக ஒப்பிடுங்கள். அந்தப் பதினைந்து நிமிட வேலை பல வாரத் தாமதத்தைத் தவிர்க்கும்.

ஐந்தாம் படி: விண்ணப்பம்

ஏற்றுமதி இறக்குமதிக் குறியீட்டு எண்ணும், மின்னணுக் கையொப்பமும் முன்பே தயாராக இருக்க வேண்டும். 6ஆம் வகைக்குப் பாதுகாப்பு உற்பத்தித் துறையின் இணையத்தளத்திலும், பிறவற்றுக்கு டி.ஜி.எஃப்.டி. தளத்திலும் விண்ணப்பிக்கிறோம். ஆர்டர் நகல், தொழில்நுட்ப விவரக் குறிப்பு, இறுதிப் பயன்பாட்டுச் சான்று ஆகியவை அடிப்படை. தொழில்நுட்பக் குறிப்பை விளம்பரக் கையேட்டிலிருந்து நகலெடுத்துப் போடாதீர்கள். பொருள் என்ன, எங்கே பொருந்துகிறது, எந்தத் திறன் வரம்பில் இருக்கிறது என்று படிப்பவருக்குப் புரியும்படி அரைப் பக்கம் எழுதுங்கள். விண்ணப்பத்தைப் பார்ப்பவர்கள் தேவைக்கேற்ப வெளியுறவு அமைச்சகம் போன்ற பிற தரப்புகளின் கருத்தையும் கேட்பார்கள் என்பதால், விநியோகத் தேதியை ஒப்புக்கொள்ளும்போதே அந்தக் காலத்தையும் சேர்த்துச் சொல்லும்படி விற்பனைப் பிரிவை வற்புறுத்துங்கள்.

உறுப்புகளையே திரும்பத் திரும்ப அனுப்பும் நிறுவனங்களுக்கு, 2019இல் பாதுகாப்பு உற்பத்தித் துறை திறந்த பொது ஏற்றுமதி உரிமத்தை அறிமுகப்படுத்தியது. பெல்ஜியம், பிரான்ஸ், ஜெர்மனி, ஜப்பான், ஸ்வீடன் முதலிய குறிப்பிட்ட நாடுகளுக்குக் குறிப்பிட்ட உறுப்புகளை, ஒவ்வொரு முறையும் தனி அனுமதி வாங்காமல் அனுப்ப அது வழிசெய்தது. முழு விமானங்களும், முழு ஆளில்லா விமானங்களும், ஆளில்லா விமானங்களுக்கென்றே வடிவமைத்த உறுப்புகளும் அதில் சேரவில்லை. நாடுகளின் பட்டியலையும் நிபந்தனைகளையும் விண்ணப்பிக்கும் நாளில் மறுபடி சரிபாருங்கள். உரிமத்தின் கீழ் அனுப்பிய ஒவ்வொரு சரக்கையும் அறிக்கையாகத் தெரிவிக்கும் கடமை அதோடு வருகிறது.

ஆறாம் படி: டிராயிங்கும் ஒரு சரக்குதான்

கப்பலிலோ விமானத்திலோ ஏறும் பெட்டியை மட்டும் ஏற்றுமதி என்று நினைப்பது இத்துறையின் மிகப் பெரிய பிழை. படைக்கல மென்பொருளுக்கு 6ஏ021, தொழில்நுட்பத்துக்கு 6ஏ022 என்று தனிப் பிரிவுகளே இருக்கின்றன. கட்டுப்படுத்தப்பட்ட பொருளைத் தயாரிக்க உதவும், பொதுவெளியில் இல்லாத தகவலை மின்னஞ்சலில் வெளிநாட்டுக்கு அனுப்பினாலும், வெளிநாட்டவர் திறக்கக்கூடிய இணையக் கோப்புறையில் ஏற்றினாலும் அது ஏற்றுமதியே. பாரிஸ் கண்காட்சிக்குப் போகிறவர் மடிக்கணினியில் எடுத்துச் செல்லும் முப்பரிமாண மாதிரிக் கோப்புகளையும் புறப்படும் முன்பே பாருங்கள்.

இதில் இன்னொரு நாட்டின் சட்டமும் உங்கள் பட்டறைக்குள் வந்து நிற்கும். அமெரிக்க வாடிக்கையாளரின் டிராயிங்கில், இதிலுள்ள தொழில்நுட்பத் தகவல் ஆயுத ஏற்றுமதிக் கட்டுப்பாட்டுச் சட்டத்துக்கு உட்பட்டது என்று அடியில் ஒரு வாசகம் அச்சிடப்பட்டிருக்கலாம். அப்படியானால் அது 1976ஆம் ஆண்டின் அந்தச் சட்டத்தின் கீழான ஐட்டார் விதிகளுக்கு, அதாவது அமெரிக்காவின் பன்னாட்டு ஆயுத வர்த்தக ஒழுங்குமுறை விதிகளுக்கு, உட்பட்ட தாள். கோவைக்கு வந்துவிட்டாலும் அந்த விதிகள் அதை விட்டு நீங்குவதில்லை. அமெரிக்க அரசின் ஒப்புதல் பெற்ற உரிமத்திலோ ஒப்பந்தத்திலோ பெயர் குறிப்பிடாத எவருக்கும் அதைத் தரக் கூடாது.

நடைமுறையில் இது எங்கே உடைகிறது என்று சொல்கிறேன். உறுப்பைக் கடைந்து முடித்ததும் முலாம் பூச வெளிப் பட்டறைக்கு அனுப்புகிறோம். எந்தப் பரப்பில் பூச வேண்டும், எதை மறைக்க வேண்டும் என்று அவர் தொலைபேசியில் கேட்கிறார். மேற்பார்வையாளர் டிராயிங்கைத் தரையில் விரித்து, கைபேசியில் படமெடுத்து, வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுகிறார். அவர் மனத்தில் அது வேலையை விரைவாக முடிக்கும் உதவி. சட்டத்தின் பார்வையில் அனுமதியற்ற மறுமாற்றம். இதைத் தடுக்க, முலாம் பூசுபவர், வெப்பப் பதனம் செய்பவர், சோதனைக்கூடம் என்று எல்லா வெளித் தரப்புகளின் பெயரையும் விலைப்புள்ளி கொடுக்கும்போதே வாடிக்கையாளருக்கு எழுதித் தெரிவித்து, ஒப்பந்தத்தில் சேர்க்கச் சொல்லுங்கள். அதோடு, பூச வேண்டிய பரப்பை மட்டும் காட்டும் தனிச் செயல்முறைத் தாள் ஒன்றைத் தயாரித்துக் கொடுக்கலாமா என்றும் அதே கடிதத்தில் கேளுங்கள். அந்தத் தாளில் எதெது இருக்கலாம் என்பதையும் அவர்களே எழுத்தில் சொல்ல வேண்டும்.

பட்டறைக்குள் அத்தகைய டிராயிங்குகளை வேறு நிறக் கோப்பில் வைத்து, யார் எப்போது எடுத்தார்கள் என்ற பதிவேடு வையுங்கள். வேலை முடிந்ததும் இயந்திரத்தின் மேல் ஒட்டிய நகலைக் கழற்றித் திரும்பப் பெறுவதும் அந்தப் பதிவேட்டில் வர வேண்டும்.

ஏழாம் படி: அனுப்பும் நாள்

இன்வாய்ஸ், பொதிப் பட்டியல், சுங்கத்துறையிடம் பதிவு செய்யும் ஏற்றுமதி ஆவணமான ஷிப்பிங் பில் ஆகிய மூன்றிலும் பொருளின் பெயர், எண்ணிக்கை, பெறுபவர், சேருமிடம் ஆகியவை அனுமதியில் உள்ளபடியே இருக்க வேண்டும். அனுமதியின் காலம் முடிந்துவிடவில்லை என்பதையும், ஏற்கெனவே அனுப்பியதைக் கழித்தால் எவ்வளவு மீதம் இருக்கிறது என்பதையும் பாருங்கள். சுங்க முகவரிடம் அனுமதி நகலைக் கொடுத்து, அவர் தயாரித்த ஷிப்பிங் பில்லின் வரைவைப் பதிவுக்கு முன் நீங்களே படியுங்கள். முகவர் செய்த பிழைக்கும் ஏற்றுமதியாளரே பதில் சொல்ல வேண்டியிருக்கும்.

எட்டாம் படி: பதிவேடுகளும், தவறு நேர்ந்தால் செய்ய வேண்டியதும்

விலை விசாரணை முதல் பொருள் சேர்ந்ததற்கான சான்றுவரை எல்லாத் தாள்களையும் ஐந்து ஆண்டுகள் பாதுகாக்க வேண்டும். ஆர்டர் வாரியாக ஒரே கோப்பில் வையுங்கள். மின்னஞ்சல்களையும் கோப்பில் சேருங்கள், ஏனென்றால் அனுப்பியவர் வேலையை விட்டுப் போனதும் அவருடைய அஞ்சல் பெட்டியும் போய்விடும்.

அனுமதியின்றி ஏதோ போய்விட்டது என்று தெரிந்தால், முதலில் அதே வகையின் அடுத்த சரக்கை நிறுத்துங்கள். பிறகு எது, எப்போது, யாருக்கு, எத்தனை என்று நடந்ததை நடந்தபடி எழுதி, நிறுவனத் தலைமைக்கு அன்றே தெரிவியுங்கள். பழைய தேதியிட்டு ஒரு குறிப்பை உருவாக்கிக் கோப்பில் செருகச் சொன்னால் மறுத்துவிடுங்கள். கவனக்குறைவாக இருந்ததை அந்தத் தாள் மோசடியாக்கிவிடும். வெளிநாட்டு வர்த்தகச் சட்டத்தின்படி அபராதம் பொருளின் மதிப்பைப்போல் ஐந்து மடங்குவரை போகலாம். ஏற்றுமதி இறக்குமதிக் குறியீட்டு எண்ணே முடக்கப்பட்டால் குடிமை ஏற்றுமதியும் சேர்ந்து நின்றுவிடும். சட்ட ஆலோசகரின் துணையோடு, அரசு கண்டுபிடிக்கும் முன் நீங்களே உரிய அலுவலகத்துக்கு எழுத்தில் தெரிவியுங்கள். டிராயிங் அமெரிக்க விதிக்கு உட்பட்டதாக இருந்தால், வாடிக்கையாளருக்கும் அதே நாளில் சொல்லுங்கள். அவர்கள் தங்கள் அரசுக்குத் தெரிவிக்க வேண்டியிருக்கும்.

இவற்றையெல்லாம் நாளைக் காலையே தொடங்கிவிட முடியாது. நாளைக் காலை செய்யக்கூடியது, இப்போது தளத்தில் ஓடிக்கொண்டிருக்கும் ஏற்றுமதி ஆர்டர்களின் டிராயிங்குகளை வாங்கி வந்து, ஒவ்வொன்றின் வலது கீழ் மூலையையும் அடியில் அச்சிட்டிருக்கும் வாசகத்தையும் வாய்விட்டுப் படித்து, வகைப்பாட்டுக் குறிப்பு இல்லாதவற்றைத் தனியாக எடுத்து வைப்பது.